யார் யாரைத் தள்ளியது? குழந்தை வாக்கியத்தைப் பிடிக்கும் வழி

இரண்டு பொம்மைகளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு யானை, ஒரு குதிரை. விருத்தாசலத்தில் இருப்பவர்களுக்கு இது சிரமமே இல்லை. செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் வீடு இருந்தால், ஓரம் தட்டிய பொம்மை ஏதாவது அலமாரியில் நிச்சயம் இருக்கும். (கூர்மையான உடைசல் உள்ளதைத் தவிருங்கள். மூன்று வயதுக்குக் கீழே என்றால் மரத்திலோ துணியிலோ செய்த பொம்மையே போதும்.) இரண்டையும் குழந்தையின் முன் வைத்து, இப்படிச் சொல்லுங்கள்:

"யானை குதிரைய தள்ளுது. எப்படி? செஞ்சு காட்டு."

சற்று நேரம் விளையாட விட்டு, இன்னொரு தடவை:

"யானைய குதிரை தள்ளுது. செஞ்சு காட்டு."

இரண்டு வாக்கியத்திலும் முதலில் வருவது யானை, பிறகு குதிரை, கடைசியில் தள்ளுதல். வேறுபாடு ஒரே ஒரு ஒலியில்தான் இருக்கிறது. அந்த "ய" யானையில் ஒட்டியிருந்தால் யானை தள்ளப்படுகிறது. குதிரையில் ஒட்டியிருந்தால் குதிரை தள்ளப்படுகிறது. இந்த வேறுபாட்டைக் கைகளால் சரியாகச் செய்து காட்டும் குழந்தைக்கு வாக்கியம் புரிகிறது. யானையையும் குதிரையையும் சரியாகத் தொட்டுக் காட்டிவிட்டு, இரண்டு முறையும் யானையைக் கொண்டே தள்ளவைக்கும் குழந்தைக்குச் சொற்கள் தெரியும். வாக்கியம் இன்னும் கைவரவில்லை.

பெற்றோரும் அங்கன்வாடி டீச்சர்களும் பெரும்பாலும் எண்ணுவது சொற்களை: "எம் பொண்ணு நாப்பது வார்த்தை பேசுறா." சொற்களுக்கு இடையே இருக்கும் உறவைக் குழந்தை எப்படிப் பிடிக்கிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதே இந்த அத்தியாயம்.

சூழல் சொல்லித்தருவதும் வாக்கியம் சொல்லித்தருவதும்

வெளியே கிளம்பும்போது அம்மா, "அந்தச் செருப்ப எடுத்துட்டு வாடா தங்கம்" என்கிறார். ஒன்றேகால் வயதுப் பையன் ஓடிப்போய் எடுத்து வருகிறான். வீடே பூரிக்கிறது. ஆனால் அம்மாவின் கண் செருப்பின் மேல் இருந்தது, கை அந்தப் பக்கம் நீண்டது, பை தோளில் தொங்கியது. இவற்றோடு "செருப்பு" என்ற ஒரு சொல் காதில் விழுந்தால் போதும், வேலை முடிந்துவிடும்.

இது குறையல்ல. குழந்தை மொழியைப் பிடிப்பதே இப்படித்தான்: முதலில் சூழலை வைத்து ஊகிக்கிறது, பிறகு அந்த ஊகத்தோடு கேட்ட ஒலியைப் பொருத்திக்கொள்கிறது. ஆகவே சைகையோடு பேசுவதை விட்டுவிட வேண்டாம். எவ்வளவு புரிகிறது என்று அறிய வேண்டும்போது மட்டும் மூன்று விதிகளைக் கடைப்பிடியுங்கள். கையை மடியில் வையுங்கள். பொருளைப் பார்க்காமல் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். வழக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்லுங்கள்: "செருப்ப தலையில வை", "பொம்மைய டம்ளருக்குள்ள போடு". வழக்கமான காரியத்தை ஊகித்துவிடலாம். தலையில் செருப்பை வைக்க வாக்கியத்தைக் கேட்டே ஆக வேண்டும். குழந்தைக்கும் சிரிப்பாக இருக்கும்.

பேச்சு வருமுன் காது செய்யும் வேலை

நாம் பேசும்போது சொற்களுக்கு இடையே இடைவெளி விடுவதில்லை. "பாப்பாவுக்குப்பால்வேணுமா" என்று ஒரே ஓட்டமாகத்தான் குழந்தையின் காதில் விழுகிறது. இதில் எங்கே வெட்டுவது என்று அதற்கு யார் சொல்லித்தருகிறார்கள்? 1996இல் அமெரிக்காவில் ஜென்னி சாஃப்ரன், ரிச்சர்ட் ஆஸ்லின், எலிசா நியூபோர்ட் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தந்தது. எட்டு மாதக் குழந்தைகளுக்கு, பொருளற்ற சொற்களை இடைவெளியே இல்லாமல் கோத்த ஒலிப்பதிவை இரண்டே நிமிடம் கேட்கவைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே, எது ஒரு சொல், எது இரண்டு சொல் சேரும் இடம் என்று அந்தக் குழந்தைகள் பிரித்தறிந்தன.

அடுத்த படி இன்னும் வியப்பானது. கேத்தி ஹிர்ஷ்-பாசெக், ராபர்ட்டா கோலின்காஃப் என்ற இரு ஆய்வாளர்கள் குழந்தையைத் தாயின் மடியில் உட்காரவைத்து இரண்டு திரைகளைக் காட்டினார்கள். குழந்தைகளுக்குப் பழக்கமான இரண்டு தொலைக்காட்சிப் பொம்மைகள் அவற்றில் தோன்றின. ஒரு திரையில் முதலாவது இரண்டாவதற்குக் கிச்சுகிச்சு மூட்டும், மற்றதில் இரண்டாவது முதலாவதற்கு. ஆங்கில வாக்கியம் ஒன்று ஒலிக்கும்போது, ஏறக்குறைய ஒன்றரை வயதுக் குழந்தைகள் அதற்குப் பொருந்தும் திரையையே அதிக நேரம் பார்த்தன. வாயில் ஒற்றைச் சொற்களே வரும் வயது அது. புரிதல் பேச்சுக்கு வெகுதூரம் முன்னால் போகிறது.

வீட்டில் செய்ய வேண்டியது: குழந்தை பதில் பேசாத மாதங்களிலும் முழு வாக்கியமாகவே பேசுங்கள். இழுத்து, ஏற்ற இறக்கத்தோடு, ராகம் போட்டுப் பேசும் ஆயாவின் பேச்சை யாரும் கேலி செய்ய வேண்டாம். அந்த ராகம்தான் குழந்தையின் கவனத்தைப் பிடித்து நிறுத்துகிறது. "மம்மு", "தாச்சி" போன்ற மழலைச் சொற்களாலும் கெடுதல் இல்லை, "மம்முவ யாரு சாப்புட்டா?" என்று அவற்றையும் வாக்கியத்துக்குள் வைத்துப் பேசுங்கள்.

தமிழ்க் குழந்தை பிடித்துக்கொள்ளும் கைப்பிடி

ஆங்கிலத்தில் யார் யாருக்குச் செய்தார் என்பதைச் சொல்லின் இடம் காட்டுகிறது. தமிழில் இடம் மாறலாம். "பாப்பா பூனைய அடிச்சுது", "பூனைய பாப்பா அடிச்சுது", "அடிச்சுது பாப்பா பூனைய" மூன்றையும் ஒரே நாளில் ஒரே வீட்டில் கேட்கலாம். உறவைக் காட்டுவது சொல்லின் கடைசியில் ஒட்டும் உருபு.

டான் ஸ்லோபின், தாமஸ் பீவர் இருவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வு நமக்கு நேரடியாக உதவும். ஆங்கிலம், இத்தாலியன், செர்போ-குரோஷியன், துருக்கி என நான்கு மொழிக் குழந்தைகளிடம், நாம் மேலே செய்தது போலவே, விலங்குப் பொம்மைகளைக் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னார்கள். துருக்கிக் குழந்தைகள் இரண்டு வயதிலேயே, சொற்களை எப்படி மாற்றிப் போட்டாலும், உருபைக் கேட்டே யார் யாரைத் தள்ளியது என்று காட்டின. துருக்கியும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி, வினை கடைசியில் வரும், உருபுகள் தெளிவானவை. 1989இல் பரிமளா ராகவேந்திராவும் லாரன்ஸ் லெனார்டும் தமிழ்க் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்தபோது, அவர்களும் வினைவிகுதிகளைச் சிறு வயதிலேயே அதிகப் பிழையின்றிக் கையாள்வதைக் கண்டார்கள். பள்ளியில் நாம் வேற்றுமை எட்டு என்று மனப்பாடம் செய்ததன் பெரும்பகுதி, பள்ளிக்குப் போகும் முன்பே காதால் படித்து முடித்த பாடம்.

அடுப்படியிலும் தெருவிலும் குழந்தை கேட்கும் உருபுகள் இவை:

• "பூனைய தூக்கு": செயல் யார்மேல் விழுகிறது.
• "பூனைக்கு குடு": யாருக்குப் போய்ச் சேர்கிறது.
• "ஆயாகிட்ட வாங்கு": யாரிடமிருந்து வருகிறது.
• "தொட்டில போடு", "தொட்டிலேருந்து எடு": இருக்குமிடம், விட்டு வரும் இடம்.
• "அண்ணன்கூட போ": யாரோடு.

இங்கே ஒரு நுட்பம். பேச்சுத் தமிழில் இரண்டாம் வேற்றுமை தேய்ந்து "ய", "வ" என்ற மெல்லிய ஒலியாக நிற்கிறது. உயிரற்ற பொருள் என்றால் பல வேளை முற்றிலும் மறைந்தும் போகும்: "பால் குடி", "தண்ணி எடு". ஆள், குறிப்பிட்ட ஒரு விலங்கு என்று வரும்போது அது கட்டாயம் வரும்: "பாப்பாவ தூக்கு". எனவே உருபை நன்றாகக் கேட்கவைக்க, ஆளும் விலங்கும் வரும் வாக்கியங்களே சிறந்த இடம். உருபை அழுத்தித் திணித்துச் சொல்ல வேண்டாம். விழுங்காமல் சொன்னால் போதும். குழந்தைக்கு எளிதாக இருக்கட்டும் என்று "பாப்பா... பூனை... குடு" என்று உருபைக் கழித்துப் பேசுவதுதான் பிழை. அப்படிப் பேசினால் குழந்தை பிடிக்க வேண்டிய கைப்பிடியை நாமே கழற்றிவிடுகிறோம்.

வினைச்சொல்லைக் கற்கவும் உருபுதான் துணை. அம்மா லட்டு நீட்டுகிறார், பாப்பா கை நீட்டுகிறது. காட்சி ஒன்று, இதைக் கொடுப்பது என்றும் சொல்லலாம், வாங்குவது என்றும் சொல்லலாம். பார்த்து மட்டும் இதைத் தீர்க்க முடியாது. "அம்மா பாப்பாவுக்கு ...", "பாப்பா அம்மாகிட்ட ..." என்ற அமைப்பே எந்த வினை எது என்று காட்டிக்கொடுக்கிறது. புதிய வினையின் பொருளை வாக்கியத்தின் கட்டமைப்பிலிருந்து குழந்தை ஊகிக்கிறது என்று லைலா கிளைட்மன் நெடுங்காலம் வாதிட்டார்; பின்வந்த சோதனைகள் பல அதற்கு வலுச் சேர்த்தன. கொடு–வாங்கு, வா–போ, துரத்து–ஓடு என இணை வினைகளை ஒரே விளையாட்டில் இருபுறமிருந்தும் சொல்லிக் காட்டுங்கள்.

"அம்மா செருப்பு" என்றால் என்ன?

ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் இரு சொற்கள் சேரத் தொடங்கும். லோயிஸ் பிளூம் 1970இல் காட்டியது இன்றும் பெற்றோருக்குப் பயன்படும்: "அம்மா காலுறை" என்று பொருள்படும் அதே இரண்டு சொல்லை ஒரு குழந்தை, தாயின் காலுறையை எடுத்தபோதும் சொன்னது, தாய் தனக்குக் காலுறை மாட்டிவிட்டபோதும் சொன்னது. உறவு குழந்தையின் மனத்தில் இருக்கிறது. ஒட்டு இன்னும் வாயில் வரவில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது அந்த ஒட்டைச் சேர்த்துத் திருப்பிச் சொல்வது. "அம்மா செருப்பு" என்றால், சூழலைப் பார்த்து, "ஆமா, அது அம்மாவோட செருப்பு" என்றோ, "அம்மா செருப்ப மாட்டிவிடணுமா?" என்றோ சொல்லுங்கள். "அப்படிச் சொல்லாத, இப்படிச் சொல்லு" என்ற பாடம் தேவையில்லை. ரோஜர் பிரவுன், காமில் ஹான்லன் இருவரும் வீட்டு உரையாடல்களை ஆராய்ந்தபோது, பெற்றோர் குழந்தையின் இலக்கணத்தைப் பெரிதாகத் திருத்துவதில்லை, சொன்னது உண்மையா என்பதையே கவனிக்கிறார்கள் என்று கண்டார்கள். ஆனாலும் குழந்தைகள் இலக்கணத்தைப் பிடித்துக்கொண்டன. திருத்தத்தைவிட நல்ல வாக்கியம் அடுத்த நொடியே காதில் விழுவதுதான் வேண்டியது.

வேணாம், இல்ல, மாட்டேன், கூடாது

மறுப்பதற்குத் தமிழ் பல கதவுகளை வைத்திருக்கிறது. பால் தீர்ந்தால் "இல்ல". பால் பிடிக்காவிட்டால் "வேணாம்". குடிக்கச் சொன்னால் "மாட்டேன்". சூடாக இருந்தால் "தொடக் கூடாது". தமிழ்க் குழந்தைகள் இவற்றை எந்தப் பொருளில் எப்படிக் கையாளத் தொடங்குகின்றன என்பதை ஆர். வைத்தியநாதன் 1991இல் ஓர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். அவரும், டிஃப்ராக் என்ற தொடக்ககால இந்தியக் கணினியை உருவாக்கிய ஆர். நரசிம்மனும் தமிழ்க் குழந்தை ஒன்றின் வீட்டுப் பேச்சைப் பதிவு செய்து, சைல்ட்ஸ் என்ற உலகக் குழந்தைமொழிக் காப்பகத்துக்கு அளித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் "நோ நோ" என்று சொல்லிப் பழகிய வீடுகளில் இந்த நான்கு வேறுபாடும் குழந்தையின் காதுக்கு வராமல் போகிறது. உரிய சொல்லை உரிய இடத்தில் சொல்லுங்கள். தடுக்கும்போது செய்ய வேண்டியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "ஓடாத, மெதுவா நட."

வாக்கியம் நீளும்போது

மூன்று வயதுக்கு மேல் வாக்கியத்துக்குள் வாக்கியம் நுழைகிறது. எது எளிது, எது கடினம் என்று தெரிந்துவைத்தால், அடம் என்று நாம் நினைக்கும் பல இடங்களில் புரியாமையே காரணம் என்பது விளங்கும்.

எளிது, நடந்த வரிசையிலேயே சொல்வது. தமிழின் வினையெச்சம் இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. பொம்மை செய்யும் வேலையையே சொல்லிக் காட்டலாம்: "மண்ணுக் கூழ அச்சுல ஊத்தி, கொஞ்ச நேரம் வெச்சு, மீதிய கவுத்து, பொம்மைய எடுத்து, காயவெச்சு, சூளையில வெச்சாங்க." பிளாஸ்டர் அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டியாகிப் பொம்மையின் கூடு ஆவது வரை எல்லாம் வரிசையாக வருகிறது. குழந்தை கேட்கும் வரிசையும் கண்ணால் பார்க்கும் வரிசையும் ஒன்றே.

கடினம், வரிசை திரும்பி வருவது. "சாப்புடறதுக்கு முன்னாடி கை கழுவு" என்பதில் முதலில் காதில் விழுவது சாப்பாடு; முதலில் செய்ய வேண்டியது கை கழுவுதல். முன், பின் என்ற சொற்களைப் பற்றி ஈவ் கிளார்க் 1971இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் சிறு குழந்தைகள் சொன்ன வரிசையையே நடந்த வரிசை என்று எடுத்துக்கொண்டன. மூன்று வயதுக் குழந்தையிடம் "கை கழுவிட்டுச் சாப்புடு" என்று சொல்லுங்கள். நான்கைத் தாண்டியபின் "முன்னாடி"யை விளையாட்டில் கொண்டுவாருங்கள்.

இன்னும் கடினம் பெயரெச்சம். "நாய் துரத்தின பூனை", "நாய துரத்தின பூனை" இரண்டையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள். ஓர் ஒலி மாறியதும் துரத்தியது யார் என்பதே தலைகீழாகிறது. இதில் பள்ளிப் பிள்ளைகள் தடுமாறினாலும் கவலைப்பட வேண்டாம். கதை நிறையக் கேட்டால் தானாகத் தெளியும்.

ஐந்து விளையாட்டுகள்

1. செஞ்சு காட்டு (2 வயது முதல்). தொடக்கத்தில் கொடுத்த யானை–குதிரை விளையாட்டு. தள்ளு, முத்தம் குடு, துரத்து, தூக்கு என வினையை மாற்றுங்கள். தவறாகச் செய்தால் "தப்பு" என்னாமல், "இப்ப நான் செய்றேன் பாரு" என்று அதே வாக்கியத்தைச் சொல்லிச் செய்யுங்கள். பிறகு குழந்தை சொல்ல, நீங்கள் செய்யுங்கள்.

2. கடை (2½ முதல்). அகல் விளக்கு, கிண்ணம், கரண்டி வைத்துக் கடை போடுங்கள். "அண்ணனுக்கு ஒண்ணு குடு", "ஆயாகிட்ட காசு வாங்கு". க்கு, கிட்ட இரண்டும் மாறி மாறி வரட்டும்.

3. டுப்பி (3 முதல்). 1958இல் ஜீன் பெர்கோ, இல்லாத ஒரு பிராணிக்குப் பெயர் வைத்து, குழந்தை அதற்குப் பன்மை விகுதி சேர்க்கிறதா என்று சோதித்தார். நாமும் பெயரில்லாப் பொம்மை ஒன்றுக்கு "டுப்பி" என்று பெயரிடுவோம். "டுப்பி பசியா இருக்கு. யாருக்குச் சோறு குடுக்கணும்?" "டுப்பிக்கு!" என்று வந்தால், குழந்தை கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, விதியைப் பயன்படுத்துகிறது.

4. யாரு வந்தா? (3 முதல்). தமிழ் வாக்கியத்தில் எழுவாய் இல்லாமலே வினை ஆளைச் சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டு, "வந்தான், வந்தா, வந்தாங்க, வந்துச்சி" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, தம்பியா, அக்காவா, டீச்சரா, பூனையா என்று கேளுங்கள். மரியாதை வடிவமும் இதிலேயே படியும்.

5. ஆற்றில் போட்டது (4 முதல்). நம் ஊர்க் கதையே இருக்கிறது: சுந்தரர் 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் குளத்திலிருந்து எடுத்த கதை. "எதுல போட்டாரு? எதுலேருந்து எடுத்தாரு? யாரு குடுத்தா? யாருக்குக் குடுத்தா?" கதையின் வியப்பு முழுவதும் "ல", "லேருந்து" என்ற இரண்டு உருபுகளில் அடங்கியிருக்கிறது.

வேலைக்குப் போகும் வீடுகளில்

ஊற்றுவது, பினிஷிங், வண்ணம் பூசுவது என்று செராமிக் வேலைக்குப் போகும் தாய்மாருக்குக் குழந்தையோடு தனியே உட்கார நேரமில்லை. தனி நேரம் தேவையும் இல்லை. குளிப்பாட்டும்போது, ஊட்டும்போது, தலை வாரும்போது நடப்பதை வாக்கியமாகச் சொன்னால் போதும். கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் இன்னும் நல்லது. பணியிடத்துக்குக் குழந்தையை அழைத்துப்போவதைத் தவிருங்கள்: உலர்ந்த மண் தூசியும் மெருகுப் பூச்சும் சிறு நுரையீரலுக்கும் கைக்கும் ஏற்றவை அல்ல, அரவை இயந்திரச் சத்தத்தில் உருபும் கேட்காது.

செல்போன் இந்த வேலையைச் செய்யாது. பாட்ரிசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சில, நேரில் விளையாடிய ஒருவரிடமிருந்து சீன மொழி ஒலிகளைக் கற்றன. அதே பேச்சைக் காணொலியில் பார்த்த குழந்தைகள் கற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது.

வீட்டில் தெலுங்கோ உருதுவோ பேசினால் அதிலேயே பேசுங்கள். அவற்றிலும் வினை கடைசியில்தான் வரும். யார், யாரை, யாருக்கு என்ற உறவைக் காட்டும் ஒட்டோ துணைச்சொல்லோ பெயருக்குப் பின்னால்தான் வரும். ஒரு மொழியில் வாக்கியத்தைப் பிடித்த காது மற்றதையும் பிடிக்கும்.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்

குழந்தைக்குக் குழந்தை வேகம் மாறும். ஆனாலும் கீழ்க்கண்டவற்றில் ஒன்று தெரிந்தால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று காத்திருக்க வேண்டாம்:

• ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை.
• ஒன்றரை வயதைத் தாண்டியும், சைகை இல்லாமல் சொன்ன ஒரு சிறு கட்டளை புரியவில்லை.
• இரண்டு வயது முடிந்தும் இரண்டு சொல் சேரவில்லை.
• மூன்றை நெருங்கியும் "பொம்மைய வெச்சுட்டு கதவ மூடு" போன்ற இரண்டு படிக் கட்டளை புரியவில்லை.
• எந்த வயதிலும், வந்த பேச்சு நின்றுபோனது.

முதலில் காதைச் சோதியுங்கள். அடிக்கடி சளி பிடித்துக் காதில் நீர் கோத்தாலும் மெல்லிய ஒலிகள் மங்கும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். தேவைப்படும் குழந்தையை அவர்களே மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

டாக்டரிடம் போகும்போது எத்தனை வார்த்தை பேசுகிறது என்ற கணக்கோடு நிறுத்தாதீர்கள். ஒரு தாளை இரண்டாகப் பிரித்து, கையைக் காட்டாமல் சொல்லியும் புரிந்த வாக்கியங்களை ஒரு பக்கமும், புரியாத வாக்கியங்களை மறுபக்கமும், நீங்கள் பேசிய அதே பேச்சு வழக்கில் உருபு விடாமல் எழுதிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் குழந்தைக்கு உதவி தேவை என்பதை அந்தத் தாள் டாக்டருக்குக் காட்டும்.